ரோசரி அக்காவின் இருநூற்று எண்பத்தாறு பாடங்கள்

என் அக்கா ரோசரி ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் படிக்க உட்காருவாள். ஃபேன் சத்தம் ஒலிப்பதிவில் விழுந்துவிடும். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்து, கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்தாளென்றால் பன்னிரண்டு மணிக்கு எழுந்திருக்கும்போது ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடக்கும். வீடு ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம். ரயில் வரும் சத்தம் கேட்டால் வாசிப்பை நிறுத்துவாள். சில சமயம் வாக்கியத்தின் நடுவில் நிறுத்த மனம் வராது. அப்போது ரயிலும் பாடத்துக்குள் ஏறிவிடும்.

படிப்பது தனக்காக இல்லை. அல்ஷிஃபா என்ற பெண்ணுக்காக.

அக்கா புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தாறு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். அங்கே ரோஷன் பேகம் என்பவர் தன் ஏழு வயது மகளைக் கண் சிகிச்சைக்குக் கூட்டிவருவார். சிகிச்சை பலிக்கவில்லை, பார்வை வரவில்லை. காத்திருக்கும் நேரமெல்லாம் அந்தக் குழந்தை டெலிபோன் போர்டுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அக்கா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்குமாம். அந்தக் குழந்தைதான் அல்ஷிஃபா. இப்போது இருபத்தைந்து வயது, வரலாற்றில் எம்.ஏ., பி.எட். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதப்போகிறாள் என்று தெரிந்ததும், ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த அக்கா தானாகவே கேட்டாள்: “புஸ்தகத்தையெல்லாம் நான் படிச்சு ரெக்கார்டு பண்ணித் தரட்டுமா?”

இரண்டு வருடத்தில் இருநூற்று எண்பத்தாறு பாடங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அக்கா அந்தப் பாடத்தின் பெயர், புத்தகம், பக்கம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லி, “தொடங்குகிறேன்” என்பாள். கம்ப்யூட்டரில் ஃபைல்களுக்குப் பெயர் வைக்க மாட்டாள். அது தானாக ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொள்ளும். எந்த எண்ணில் எந்தப் பாடம் என்று ஒரு பட்டியல் மட்டும் தட்டி வைத்திருந்தாள். “கேக்கறவளுக்கு நான் வாயால சொல்றேன், அப்புறம் பேரு எதுக்கு?” என்பது அவள் கட்சி.

தேர்வுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, அது நடந்தது.

ரயில் சத்தம் அக்காவை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் கடைசித் திருப்புதலுக்காவது எல்லாப் பாடங்களையும் சத்தமில்லாமல் துடைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்து, அல்ஷிஃபாவின் போனிலிருந்த மெமரி கார்டை வாங்கி வந்து கம்ப்யூட்டரில் செருகினாள். சத்தம் நீக்கும் மென்பொருளின் விலை அதிகம். அதையே இலவசமாகத் தருவதாக ஒரு வீடியோவின் கீழே இணைப்பு இருந்தது. பதிவிறக்கும்போது ஆன்டிவைரஸை அணைத்து வைக்கும்படி அந்த வீடியோக்காரர் சொன்னார். அக்கா அணைத்து வைத்தாள்.

உடனே ‘அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்’ என்று ஒரு பெட்டி வந்தது. உள்ளே டிஸ்க் கிறுகிறுவென்று ஓடுவது காதில் விழுந்தது. ஏதோ சரியில்லை என்று தோன்றியதாம். இருந்தும் நாற்பது நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிர்முனையில் ஆள் இருக்கும்வரை நம் பக்கத்திலிருந்து போனை வைக்கக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். பிளக்கைப் பிடுங்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பெட்டி மறைந்தபோது எந்தப் பாடமும் திறக்கவில்லை. எல்லா ஃபைல் பெயர்களின் வாலிலும் அர்த்தமில்லாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், திறக்கும் சாவி எங்களிடம் இருக்கிறது, மூன்று நாளுக்குள் பணம் கட்டினால் பாதி விலை. மெமரி கார்டிலும் அதே கடிதம். அல்ஷிஃபாவிடம் வேறு பிரதி கிடையாது.

இதெல்லாம் எனக்கு மறுநாள்தான் தெரியும். நான் இருப்பது ஷார்ஜாவில். வேலை நேரத்தில் அக்கா கூப்பிட மாட்டாள். அன்று கூப்பிட்டதும் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து எடுத்தேன்.

“நாதா, ரெண்டு கடைக்குக் கொண்டுபோயிட்டேன்டா. ரெண்டு பேரும் ஃபார்மட் பண்ணித் தரேங்கறாங்க. ஃபார்மட் பண்ணா கம்ப்யூட்டர் வரும், பாடம் வராதாம்.”

“அல்ஷிஃபாகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“எப்பச் சொல்லப் போறே?”

“வந்துருச்சுன்னா சொல்லவே வேண்டாம்ல?”

இணையத்தில் தேடினேன். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் இந்த வகைக்கு ரான்சம்வேர் என்று பெயராம். அந்தச் சொல்லைப் போட்டதும் வந்த பக்கங்களையெல்லாம் படித்தேன். சில பூட்டுகளுக்கு இலவசச் சாவி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. பணம் கட்டாதீர்கள் என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். எழுதியவர்களில் ஒருவருக்கும் பத்து நாளில் பரீட்சை இருந்ததாகத் தெரியவில்லை. பூட்டிய பாடம் ஒன்றையும் அந்தக் கடிதத்தையும் அனுப்பச் சொல்லி அக்காவிடம் வாங்கினேன். பார்க்கத்தான் என்று சொன்னேன். பார்க்கிற அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. கடிதத்தில், நம்பிக்கைக்காக ஒரு ஃபைலை மட்டும் இலவசமாகத் திறந்து தருவோம் என்று ஒரு வரி இருந்தது. அக்காவிடம் சொல்லாமல் அதிலிருந்த முகவரிக்கு அந்தப் பாடத்தை அனுப்பிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை அல்ஷிஃபாவே கூப்பிட்டுவிட்டாள்.

“ஆன்ட்டி, கார்டு ரெடியா?”

“இன்னும் இரண்டு நாளில் அனுப்பி வைக்கிறேன் அம்மா. சற்றுப் பொறுத்திருக்க முடியுமா?”



“ஏன் ஆன்ட்டி ஆஸ்பத்திரி குரல்ல பேசறீங்க?”

“ஆஸ்பத்திரி குரலா?”

“டாக்டர் இன்னிக்கு லீவுன்னு சொல்றப்ப வருமே, அந்தக் குரல். நான் ஏழு வயசுலேருந்து கேக்கறேன். என்ன ஆச்சு, சொல்லுங்க.”

அக்கா சொல்லிவிட்டாள். வீடியோ, கார்டு, நாற்பது நிமிடம், கடிதம், எல்லாம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ரோஷன் பேகம் போனைப் பிடுங்கினார்.

“சத்தத்தை எடுக்கச் சொல்லி யாருக்கா உங்கள கேட்டா? எம் புள்ள கேட்டாளா? நான் கேட்டேனா?”

“இல்ல ரோஷன்.”

“ரெண்டு வருஷமா சோறு தண்ணி இல்லாம காதுல மாட்டிக்கிட்டுக் கெடக்குது. யா அல்லாஹ், இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு. நான் எங்க போயி யாருகிட்ட நிப்பேன்?”

“தப்புதான் ரோஷன்.”

“தப்புன்னா? தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?”

பின்னாலிருந்து அல்ஷிஃபா, “அம்மா, போதும் வைங்க” என்பது கேட்டது. வைத்தது அவர்கள்தான். அக்கா கையில் போன் அப்படியே இருந்ததாம்.

அதற்குப் பிறகுதான் நஸ்ருல்லாவிடம் போனாள். முதலிலேயே போயிருக்க வேண்டிய ஆள். மருத்துவமனையில் டெலிபோன் லைனும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது திருவானைக்காவலில் மாடியில் சொந்தக் கடை. போகாததற்குக் காரணம் வெட்கம்தான். அந்தக் காலத்தில் அவருடைய வயரிங்கை நாலு பேர் முன்னால் கேலி செய்தவள் அக்கா.

ஜும்மா தொழுகை முடிந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் கடையைத் திறந்த நஸ்ருல்லா, படியில் சி.பி.யு.வை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்.

“என்னக்கா, நான் போட்ட வயரை இடியாப்பம்னு சொன்ன வாய்தானே?”

“இடியாப்பம்தான். முதல்ல இதைப் பாரு.”

விவரத்தைக் கேட்டுக்கொண்டே மேசையில் வைத்துத் திறந்தார்.

“நாப்பது நிமிஷம் ஓடுச்சா? நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“அணைக்காதீங்கன்னு போட்டிருந்துச்சு. அணைக்கல.”

“வயரைப் புடுங்கியிருந்தா பாதியாவது தப்பிச்சிருக்குமேக்கா.”

“எதிராளி லைன்ல இருக்கறப்ப நான் எப்படிடா வைக்கறது?”

நஸ்ருல்லா சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு அவர் பேசியதெல்லாம் வேலைப் பேச்சு. நெட் கேபிளைக் கிட்டவே கொண்டுவரவில்லை. டிஸ்கைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, இருக்கிறதை இருக்கிறபடியே ஒரு புது டிஸ்குக்கு முழுப் பிரதி எடுத்தார். எது செய்தாலும் அந்தப் பிரதியில்தான், மூலத்தைத் தொடக் கூடாது என்றார். மெமரி கார்டுக்கும் அப்படியே. “இந்த மாதிரி வர்றது சும்மா பூட்டிட்டுப் போவாது. பாஸ்வேர்டையும் திருடும். பேங்க், மெயில் எல்லாத்தையும் வேற போன்லேருந்து இப்பவே மாத்துங்க.” அக்கா அங்கேயே உட்கார்ந்து மாற்றினாள்.

கடிதத்திலிருந்த எண்ணையும் பூட்டிய ஃபைல் ஒன்றையும் ஏதோ ஒரு தளத்தில் கொடுத்துப் பார்த்தார். இன்ன வகைப் பூட்டு என்று தெரிந்தது. “நெட் இல்லாதப்ப பூட்டியிருந்தா எல்லாருக்கும் ஒரே சாவிதான், இலவசமாவே கெடைக்கும். உங்களுக்கு நெட் இருந்திருக்கு. தனிச் சாவி. அது அவன்கிட்ட மட்டும்தான்.”

“அப்ப?”

“நாளைக்குச் சொல்றேன். வீட்டுக்குப் போங்கக்கா.”

அன்று மாலை பூட்டியவர்களிடமிருந்து எனக்குப் பதில் வந்தது. நான் அனுப்பிய பாடம், திறந்தபடி. கேட்டேன். ‘சோழர் கால உள்ளாட்சி, பதினோராம் வகுப்பு வரலாறு, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு, தொடங்குகிறேன்.’ அக்காவின் குரல், முழுதாக. அடக்க முடியாமல் அக்காவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன்.

“எங்கேருந்துடா கெடைச்சுது?”

சொன்னேன். பணம் நானே கட்டுகிறேன் என்றும் சொன்னேன். நாளைக்குக் காலை பதினொன்றரைக்குப் பிறகு விலை இரண்டு மடங்கு என்றும், இப்போது யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை என்றும்.

“என்னைக் கேக்காம யாருடா உன்னை அனுப்பச் சொன்னா?”

“உன்னை யாராவது ரயில் சத்தத்தை எடுக்கச் சொன்னாங்களா?”

சொல்லியிருக்கக் கூடாது.

“இருபத்தாறு வருஷத்துல பேர் சொல்லாதவங்களுக்கு நான் லைன் குடுத்ததில்ல நாதா. நஸ்ருல்லா பார்த்துச் சொல்லட்டும்.”

“பதினொண்ணரைக்குள்ள சொல்லலைன்னா?”

“அந்தப் பாடத்தை அவருக்கு அனுப்பு. திறந்ததையும் அனுப்பு.”

அனுப்பினேன். சனிக்கிழமை அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பணம் கட்டும் வழியைத் தயாராக்கி, விரலை வைத்தால் போதும் என்ற நிலையில் வைத்திருந்தேன். அங்கே பதினொன்று ஆனது. கூப்பிட்டால் அக்கா எடுக்கவில்லை. பதினொன்றரை. விரலை வைக்கவில்லை, வைக்காததற்குத் துணிச்சல் காரணமில்லை. அக்கா கண்டுபிடித்தால் என்னோடு பேச மாட்டாள் என்ற பயம்தான். அக்கா அந்நேரம் வீட்டுக்குள் முன்னறைக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தாளாம். உலை கொதித்துப் பொங்கி அடுப்பு அணைந்தது தெரியவில்லை.

மூன்று மணிக்கு நஸ்ருல்லா கூப்பிட்டார்.

“அக்கா, உங்க தம்பி அனுப்புனது நல்லதாப் போச்சு. பூட்டுனதையும் திறந்ததையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். தலையில கொஞ்சந்தான் வேற. அதுக்குக் கீழ ரெண்டும் ஒண்ணேதான்.”

“புரியற மாதிரி சொல்லு.”

“அவனுக்கு அவசரம்க்கா. ஆயிரக்கணக்கான ஃபைலை முழுசாப் பூட்ட நேரம் ஏது? ஒவ்வொண்ணுலயும் தலையை மட்டும் பூட்டிட்டுப் போயிருக்கான். சின்ன ஃபைலுன்னா அதுவே முழுசு, உங்க பட்டியல் போச்சு. பாட்டு, பேச்சு மாதிரி பெருசுன்னா தலையை வெட்டிட்டா மிச்சம் ஓடும். ஒம்பது விநாடி போவும், அவ்வளவுதான். இருங்க, போடறேன்.”

‘...ஊரவை உறுப்பினராவதற்குரிய தகுதிகள் பின்வருமாறு’ என்று அக்காவின் குரல் அக்காவுக்கே கேட்டது. இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

சந்தோஷம் அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. ஒன்பது விநாடி என்பது எது? பாடத்தின் பெயர், புத்தகம், பக்கம், தொடங்குகிறேன். அதைச் சொல்ல அக்காவுக்கு ஆகிற நேரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பட்டியலும் இல்லை. நஸ்ருல்லா தலைகளை வெட்டி, தன் கடைக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஏற்றிக் கொடுத்தனுப்பிய இருநூற்று எண்பத்தாறு பாடங்கள், வெறும் எண்களோடு, எது எங்கே என்று தெரியாமல் கிடந்தன. அக்கா சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்து தானே பிரிக்கப் பார்த்தாள். படித்தவள் அவள்தான், ஆனால் படித்தபோது உச்சரிப்பில் கவனம் இருந்ததே தவிர, விஷயம் மனதில் தங்கவில்லை. எல்லா அரசர்களும் படையெடுத்தார்கள், எல்லாரும் வரி போட்டார்கள். மாலைக்குள் இருபத்தொன்றுதான் பிரிக்க முடிந்தது. அதிலும் சந்தேகம்.

வேறு வழியில்லாமல் அல்ஷிஃபாவுக்குப் போன் செய்தாள். சொந்தக் குரலில்.

திங்கள்கிழமை காலை அம்மாவும் மகளும் பாலக்கரையிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். ரோஷன் பேகம் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் கொடுத்ததை வாங்கிக் கீழே வைத்தார். அல்ஷிஃபா நேராகக் கம்ப்யூட்டர் இருக்கும் பக்கம் நாற்காலியைத் தடவி இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“போடுங்க ஆன்ட்டி.”

நான்கு வார்த்தை ஓடியது. “விஜயநகரம், ரெண்டாவது பாடம். அடுத்தது.”

மூன்று வார்த்தை. “வங்காளப் பிரிவினை. அடுத்தது.”

அக்கா போடப் போட அவள் சொல்லிக்கொண்டே போனாள். எண்ணையும் பெயரையும் யார் எழுதுவது என்று அக்கா தடுமாறியபோது ரோஷன் பேகம் பையிலிருந்து நோட்டை எடுத்து, “சொல்லு” என்று மகளிடம் மட்டும் சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். ஒரு பாடத்தில் அல்ஷிஃபா தலையைச் சாய்த்தாள்.

“நில்லுங்க. இது ரெண்டு பாடத்துலயும் இப்படித்தான் ஆரம்பிக்கும். கொஞ்சம் ஓடட்டும். பக்கத்து வீட்டு மிக்ஸி வருதா பாருங்க.”

மிக்ஸி வந்தது.

“மராத்தியர் நிர்வாகம். எழுதிக்கங்கம்மா.”

இன்னொன்றில் ரயில் வரும் என்றாள். வந்தது. அது போனதும் பக்தி இயக்கம் தொடங்கும் என்றாள். தொடங்கியது. அக்கா அடுத்ததைப் போட மறந்து அப்படியே இருந்தாள்.

“ஆன்ட்டி, தூங்கிட்டீங்களா? நேரமாவுது.”

மூன்று மணிக்குள் முடிந்துவிட்டது. ஏழு பாடங்கள் மட்டும் எப்படியும் ஓடவில்லை, கார்டிலும் அப்படியே. ஏன் என்று நஸ்ருல்லாவுக்கும் தெரியவில்லை. “அதை விட்டுருங்கக்கா, மிச்சத்தைக் காப்பாத்துங்க” என்றார். அக்காவின் கம்ப்யூட்டரை முழுதாகத் துடைத்துப் புதிதாக ஏற்றி, பாடங்களை மூன்று இடத்தில் போட்டுக் கொடுத்தார். அதில் ஒன்றைக் கம்ப்யூட்டரில் எப்போதும் செருகியே வைத்திருந்தால் மறுபடியும் இதே கதைதான், கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள் என்று மூன்று முறை சொன்னார்.

அந்த ஏழு பாடங்களை அக்கா மறுபடி படித்தாள். பதிவு செய்து, அனுப்பி, அவள் கேட்டு என்று காத்திருக்க இருவருக்கும் பொறுமை இல்லை. தினமும் நாலு மணிக்குப் போனைப் போட்டு நேராகவே வாசித்தாள். அந்தப் பக்கம் அல்ஷிஃபா பதிவு செய்துகொண்டே குறுக்குக் கேள்வி கேட்டாள். “அந்த வருஷத்தை மறுபடி சொல்லுங்க.” “ஆன்ட்டி, ஓடாதீங்க, துரத்தறாங்களா?” நான் இங்கிருந்து கூப்பிட்டால் ஒரு வாரமாக லைன் பிஸி.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. அக்காவை யாரும் கூப்பிடவில்லை, தானாகப் போய் நின்றாள். பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மூடியிருந்தது. அதன் படியில் ரோஷன் பேகம் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு மணிக்கு எல்லாரும் வெளியே வந்தார்கள். கண் தெரியாதவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு. கூட்டம் கலைந்து, வண்டிகள் போய், தெரு வெறிச்சென்று ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் அக்கா எனக்கு நாலு முறை மெசேஜ் போட்டாள். நாலும் ஒன்றுதான்: இன்னும் வரல.

இரண்டு மணிக்கு ஒரு ஆசிரியை கையைப் பிடித்து அல்ஷிஃபாவைக் கூட்டிவந்தார்.

“எப்படிம்மா?” என்றாள் அக்கா.

“நூத்தி அம்பதுல நூத்திப் பத்து தேறும்னு நெனைக்கறேன். மொகலாயர்ல அஞ்சு கேள்வி. ஒண்ணுகூட சரியா தெரியல.”



“அந்த ஏழுல இருந்ததா? நான் வேகமாப் படிச்சதா?”

“இல்ல ஆன்ட்டி. அது நல்லா ஓடுன பாடம். மொகலாயர் நில வருவாய். நான்தான் கேக்கல.”

“ஏன்?”

“போரடிச்சுது.”

ரோஷன் பேகம் படியிலிருந்து எழுந்தார். “கேட்டீங்களாக்கா? போரடிச்சுதாம்! ஒம்பது நாளா நானு நோன்பு வச்சு துஆ கேட்டுக்கிட்டிருக்கேன், இவங்க இங்க நிம்மதியில்லாம அலையறாங்க. மகாராணிக்குப் போரடிச்சுதாம்!”

“என் குரலா போரடிச்சுது?” என்று கேட்டாள் அக்கா.

“நில வருவாய் ஆன்ட்டி. அதை யாரு படிச்சாலும் அப்படித்தான்.”

முடிவு வர இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். நூற்றுப் பத்து போதுமா என்று நான் போன வருடக் கணக்குகளைத் தேடிப் பார்த்தேன்; போதலாம், போதாமலும் இருக்கலாம். அக்கா தேடச் சொல்லவில்லை. அவள் எனக்குச் சொன்னதெல்லாம் அன்று மூவரும் ஒரே ஆட்டோவில் திரும்பியதைப் பற்றித்தான். பாலக்கரை வரும்வரை ரோஷன் பேகம் மகளைத் திட்டிக்கொண்டே வந்தாராம். அல்ஷிஃபாவும் பதிலுக்குப் பதில் கொடுத்தாளாம். நடுவில் உட்கார்ந்திருந்த அக்கா, திட்டு தன் மேல் விழவில்லை என்பதால், வாயையே திறக்கவில்லை.